ஒன்பதாயிரம் ரூபாய் அப்ரண்டிஸ்: நாட்ஸ் தளம் யாருக்கு உதவும்?

கேம்பஸில் வேலை கிடைக்கவில்லை, படித்த துறை சார்ந்த கோர் கம்பெனிகள் அனுபவம் கேட்கின்றன, வீட்டில் சும்மா இருக்கவும் முடியவில்லை. மெக்கானிக்கல், சிவில், இ.இ.இ. முடித்தவர்களும் பி.காம்., பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களும் இந்த நிலையில் போய்ப் பார்க்க வேண்டிய இடம், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நாட்ஸ் (தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்) தளம். பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பலர், உள்ளே போய் ஒழுங்காக முடித்தவர்கள் குறைவு. அதற்குத் தளமும் ஒரு காரணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அப்ரண்டிஸுக்கு அரசுத் தளங்கள் இரண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் போவது திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் தளம். டிகிரி, டிப்ளமோக்காரர்களுக்கு நாட்ஸ். மாறிப் பதிந்துவிட்டு, கம்பெனி பெயரே வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். தமிழ்நாடு, புதுச்சேரிக்கு நாட்ஸைக் கவனிப்பது தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென் மண்டல அலுவலகம்.

பயிற்சி ஓராண்டு. 2019 விதித் திருத்தத்தின்படி குறைந்தபட்ச உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. இதில் பாதி அரசின் பங்கு. 2025 மே மாதம் மத்தியத் தொழிற்பழகுநர் குழு 36 விழுக்காடு உயர்த்தப் பரிந்துரைத்தது. ஆகவே பழைய தொகையை மனதில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல், ஒப்பந்தத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். குறைந்தபட்சம் என்பது தரைதான், கூரை அல்ல. பெரிய பொதுத்துறை நிறுவனங்கள் சில அதைவிடக் கூடுதலாகவே தருகின்றன.

2024 ஜூலையில் புதிய தளம் வந்தது. பழையதைவிடப் பார்க்க நன்றாக இருக்கிறது, பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சிக்கல் ஆரம்பிப்பது பெயரில். நம் ஊர் இனிஷியலை அந்தப் படிவத்துக்குப் புரியவைக்க முடியாது. மார்க் ஷீட்டில் ‘கார்த்திக் எஸ்’, ஆதாரில் ‘எஸ் கார்த்திக்’, வங்கிக் கணக்கில் ‘கார்த்திக் செல்வம்’ என்று மூன்று பேர் இருப்பார்கள். சான்றிதழ் சரிபார்ப்பின்போது அந்த மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். மார்க் ஷீட்டை மாற்றுவது பெரும்பாடு. அதனால் ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்ப முதலிலேயே திருத்திக்கொண்டு, பிறகு வங்கிக்குப் போங்கள். பதிவு செய்தபின் திருத்தலாம் என்று விட்டால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

அடுத்தது மதிப்பெண் விழுக்காடு. இங்கே அலட்சியம் கூடாது. அரசுப் போக்குவரத்துக் கழகம் போன்ற இடங்களில் எழுத்துத் தேர்வு வைக்காமல், தளத்தில் நீங்கள் போட்ட மதிப்பெண்ணை வைத்தே பட்டியல் எடுப்பது வழக்கம். சி.ஜி.பி.ஏ.வை விழுக்காடாக்க உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். கூட்டிப் போட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே அனுப்பிவிடுவார்கள். குறைத்துப் போட்டால் பட்டியலிலேயே பெயர் வராது, ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். அரியர் இருந்தால் விண்ணப்பிப்பதில் பயனில்லை, டிகிரி முடித்திருக்க வேண்டும். எந்தெந்த ஆண்டில் முடித்தவர்கள் தகுதி என்பதையும் அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள்.

பதிவு முடிந்ததும் ஒரு பதிவு எண் வரும். உடனே விண்ணப்பிக்க முடியும் என்று எண்ணி, கடைசித் தேதியன்று இரவு பதினொரு மணிக்குப் பதிவு செய்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். விவரங்கள் சரிபார்க்கப்பட்டு ஒப்புதல் வர ஒருநாளாவது ஆகும். கூடவே இன்னொரு தவறு: பதிவு செய்வது வேறு, விண்ணப்பிப்பது வேறு. உள்ளே நுழைந்து, விளம்பரமான காலியிடங்கள் பகுதியில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். போக்குவரத்துக் கழகத்துக்கு விழுப்புரம், கும்பகோணம், சேலம், கோவை, மதுரை, திருநெல்வேலி என்று கோட்டங்கள் தனித்தனி. ஒரு கோட்டத்துக்குப் போட்டால் இன்னொன்றுக்குப் போட்டதாக ஆகாது. தேர்வுப் பட்டியலைத் தென் மண்டல வாரியத்தின் தளத்தில் போடுவார்கள். மின்னஞ்சல் வரும் என்று காத்திருக்காமல் அங்கே போய்ப் பாருங்கள்.

நாட்ஸில் கோபம் வரவைக்கும் பகுதி பணம் வரும் முறை. அரசின் பங்கு, 2019 விதித் தொகைப்படி பட்டதாரிக்கு 4,500 ரூபாய், இப்போது நேரடியாகப் பயிற்சியாளரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. நிறுவனத்தின் பங்கு தனி. இரண்டும் ஒரே தேதியில் வராது. நிறுவனம் அந்த மாதக் கணக்கைத் தளத்தில் ஏற்றினால்தான் அரசின் பங்கு நகரும். அங்கே உள்ள எழுத்தர் ஒரு மாதம் மறந்தால் உங்கள் பாக்கெட்டில் பாதி இல்லை.

வங்கியில் இன்னொரு பொறி இருக்கிறது. கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்ப்பதும், அரசு மானியம் வருவதற்கு அந்தக் கணக்கை ஆதாருடன் ‘சீடிங்’ செய்வதும் வெவ்வேறு. கவுண்டரில் ‘ஆதார் லிங்க் ஆகிவிட்டது’ என்று சொன்னால் போதாது. சீடிங் படிவம் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வங்கிக் கணக்குதான் சீடிங்கில் இருக்கும், கடைசியாகச் செய்ததுதான் செல்லும். பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்குத் திறந்து மறந்துபோன கணக்குக்குப் பணம் போய்ச் சேர்ந்திருக்கும், நீங்களோ பணம் வரவில்லை என்று புகார் எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஆதார் தளத்தில் வங்கி சீடிங் நிலை என்ற பகுதியில் எந்த வங்கி என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது.

சின்ன நிறுவனங்களில் கேட்கும் ஒரு வசனம்: ‘முதலில் சேருங்க தம்பி, கான்ட்ராக்ட் அப்புறம் போட்டுக்கலாம்.’ ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தம் தளத்தில் ஏறி, உங்கள் லாகினில் தெரிந்தால்தான் நீங்கள் அப்ரண்டிஸ். ஏறாத மாதங்களுக்கு அரசின் பங்கும் இல்லை, முடிவில் வாரியத்தின் தேர்ச்சிச் சான்றிதழும் இல்லை. ‘டெபாசிட்’, ‘யூனிஃபார்ம் காசு’ என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

எந்த நிறுவனம் என்பதில்தான் யோசிக்க வேண்டும். நாட்ஸ் ஒருமுறைதான். பயிற்சி முடித்தவரும், ஓராண்டுக்கு மேல் வேலை அனுபவம் உள்ளவரும் மறுபடி வர முடியாது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம், போக்குவரத்துக் கழகப் பணிமனை, பெரிய வாகன உதிரிபாகத் தொழிற்சாலை போன்ற இடங்களில் எந்திரத்தைத் தொட்டு வேலை கற்கும் வாய்ப்பு இருக்கிறது. பத்துப் பேர் உள்ள அலுவலகத்தில் எக்செல் ஷீட் நிரப்பவும் கூரியர் வாங்கவும் ஆள் கிடைக்கவில்லை என்று அப்ரண்டிஸ் எடுப்பவர்களும் உண்டு. நேர்காணலில் ‘எந்தப் பிரிவு, யார் கற்றுத்தருவார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாறும்’ என்று கேட்டால், பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி அல்ல. முடிந்ததும் வேலை தரவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. நிரந்தர வேலை என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சென்னையில் விடுதியும் சாப்பாடும் சேர்ந்தே ஆறேழு ஆயிரம் விழுங்கிவிடும். வெளியூர்க்காரர்களுக்கு 9,000 கட்டுப்படியாகாது. சொந்த மாவட்டத்தில் வீட்டுச் சாப்பாட்டோடு போய்வர முடிந்தால் மட்டும் கணக்கு சரிவரும்.

ஐ.டி. வேலைதான் குறிக்கோள் என்றால் நாட்ஸ் உங்களுக்கானதல்ல. ஆஃப் கேம்பஸ் தேர்வுகள் பெரும்பாலும் அந்த ஆண்டு பேட்சுக்குத்தான். பயிற்சி முடிந்து வரும்போது நீங்கள் பழைய பேட்ச். கோர் பக்கம் போக நினைக்கும் மெக்கானிக்கல்காரருக்கும், அக்கவுண்ட்ஸ் பிரிவில் நுழைய நினைக்கும் பி.காம்.காரருக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். திட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு, தளத்துக்கு இரண்டரை.