நூறடிப் பாறையும் ஓர் இரவு உறக்கமும்: மூன்று விதிநூல்களோடு ஏழு ஆண்டுகள்

மேசையைச் சுற்றி ஐந்து பேர் அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் ரோல் பிளேயிங் விளையாட்டை ஏழு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். விதிகள் நடப்புலகை ஒட்டி இருக்க வேண்டுமா, கற்பனைக்கு வழிவிட வேண்டுமா என்ற கேள்வி இந்த ஏழு ஆண்டுகளிலும் எங்கள் மேசையை விட்டு அகலவில்லை. மூன்று விதிநூல்களை நெடுநாள் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் 2014 பதிப்பில்தான் தொடங்கினோம். இரண்டாம் ஆண்டில், அனுபவம் கூடக் கூட ஏறும் நிலைகளில் பத்தாவதை எட்டியிருந்த எங்கள் போர்வீரர், தப்பியோடும் எதிரியைப் பிடிப்பதற்காக நூறடி உயரப் பாறையிலிருந்து குதிக்கப்போவதாக அறிவித்தார். ஒருவர் எவ்வளவு அடி தாங்குவார் என்பதை உயிர்ப்புள்ளிகள் காட்டும். அந்தப் பதிப்பில் ஒவ்வொரு பத்தடி வீழ்ச்சிக்கும் ஓர் ஆறுமுகப் பகடையில் விழும் எண் அவற்றிலிருந்து கழியும். நூறடிக்குப் பத்துப் பகடை. எல்லாவற்றிலும் ஆறே விழுந்தாலும் இழப்பு 60தான். அவரிடம் இருந்த உயிர்ப்புள்ளிகளோ 94. கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே அவர் குதித்தார். விழுந்தார், எழுந்தார், எதிரியைப் பிடித்தார். அன்றிரவு எட்டு மணி நேர ஓய்வில் இழந்த புள்ளிகள் அனைத்தும் திரும்பிவிட்டன.

உயிர்ப்புள்ளி என்பது சதையும் எலும்பும் மட்டுமல்ல, அனுபவமும் நல்லூழும் சேர்ந்தது என்று, இந்த விளையாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே விளக்கியிருக்கிறார். வாள்வீச்சுக்கு அந்த விளக்கம் அழகாகப் பொருந்துகிறது: புள்ளி குறைந்தது என்றால் வீரர் களைத்துவிட்டார், அதிர்ஷ்டம் தேய்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். பாறையடிவாரத்தில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பறக்கும் நாகத்தை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்ட எங்களுக்கு உறுத்தியது, கீழே விழுந்தால் அடிபடும் என்ற அச்சம் அந்த உலகில் எவருக்கும் இல்லாமல் போனதுதான். வீரசாகசக் கதை வேண்டுவோர்க்கு இது நல்ல விதிநூல். ஒரே மாலையில் மூன்று போர்களை நடத்தி முடிக்கலாம். எங்கள் குழு தேடியது வேறு.

அதன்பின் கர்ப்ஸுக்கு மாறினோம். 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட இந்த விதிநூலின் 2004ஆம் ஆண்டு நான்காம் பதிப்பே இன்றும் எங்கள் மேசையில் இருக்கிறது. இதில் சராசரி மனிதருக்கு உயிர்ப்புள்ளிகள் பத்து. பயிற்சி பெற்ற வலுவான ஒருவரின் வாள்வெட்டு, கவசமில்லாத உடலில் ஏறத்தாழ அத்தனையையும் ஒரே வீச்சில் பறித்துவிடக்கூடும். தாக்குபவர் மூன்று பகடைகளை உருட்டித் தம் திறனெண்ணுக்குள் வந்தாக வேண்டும். தாக்கப்படுபவர் விலகவோ, வாளால் தடுக்கவோ, கேடயத்தில் ஏற்கவோ தனியாக உருட்டுவார். அடிபட்டவருக்கு அடுத்த நொடியில் வலியினால் திறன் குறையும். காயம் பாதி உயிரைத் தாண்டினால் நிலைகுலைந்து விழாமல் இருப்பதற்கும் உருட்ட வேண்டும்.

இவ்விதிகள் ஆட்டக்காரர்களின் நடத்தையை மாற்றின. முன்பெல்லாம் கதவைத் திறந்ததும் வாளை உருவியவர்கள், இப்போது கதவுக்கு அப்பால் எத்தனை பேர், அவர்களிடம் பேசிப் பார்க்கலாமா, பின்வழி உண்டா என்று விசாரித்தார்கள். ஒருமுறை எங்கள் வில்லாளியின் கால் முடமானது. முழுநாள் ஓய்வெடுத்து, உடல்நலத்துக்கான உருட்டலில் வென்றால் மட்டுமே ஒரு புள்ளி மீளும் என்பதால், குழுவினர் வழியில் இருந்த சிற்றூரில் வாரக்கணக்கில் தங்க நேர்ந்தது. அந்த ஊரின் தண்ணீர்த் தகராறும், அவரைப் பராமரித்த மருத்துவச்சியின் குடும்பமும் அடுத்த ஓராண்டுக் கதையாயின. நான் எழுதி வைத்திருந்த எதையும்விட அது மேலான கதை.

குறைகளும் பெரியவை. ஒவ்வொரு சுற்றும் ஒரு நொடி என்பதால், பத்து நொடிச் சண்டை ஒரு மணி நேரத்தை விழுங்கியது. குருதிக் கசிவுக்கான விதியை மூன்றே மாதத்தில் கைவிட்டோம். சுமை விதியை மட்டும் விடவில்லை. கனத்த கவசத்தைக் கழற்றாமல் வேகமாக ஓட முடியாது என்பது ஒவ்வொரு பயணத்திலும் முடிவெடுக்க வைக்கிறது.

உண்மையான சிக்கல் மந்திரத்தில் வந்தது. குணப்படுத்தும் மந்திரம் அறிந்த ஒருவர் குழுவில் சேர்ந்ததும், வாரக்கணக்கான ஓய்வு சில நிமிடங்களாகச் சுருங்கியது. ஒருவருக்கே ஒரே நாளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் மந்திரத்தின் வெற்றிவாய்ப்பு குறையும் என்ற தடை இருந்தும், காயத்தின் கனம் போய்விட்டது. காயத்துக்கு ஓர் உலகம், மந்திரத்துக்கு வேறோர் உலகம் என விதிநூல் இரண்டாகப் பிளந்து நின்றது.

இடையில் ஓராண்டு ஆடிய ரூன்குவெஸ்ட் இதற்கு விடை காட்டியது. 1978இல் முதன்முதலாக வந்த அந்த விளையாட்டில் தலை, மார்பு, வயிறு, இரு கைகள், இரு கால்கள் என ஏழு இடங்களுக்கும் தனித்தனி உயிர்ப்புள்ளிகள். கவசம் அடியின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். காயம் அங்கும் கொடியதுதான். ஆயினும், சிறு மந்திரங்கள் பொதுமக்களிடமும் புழங்கும் உலகம் அது என்பதை முதலிலேயே முடிவுசெய்து, வழிபாட்டையும் ஊர்வழக்கத்தையும் அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள். கற்பனை அங்கே விதிக்கு விலக்காக வரவில்லை. அவ்வுலகின் இயல்பாகவே வருகிறது.

கர்ப்ஸுக்குத் திரும்பியபோது, குணப்படுத்தும் மந்திரம் எங்கள் உலகில் யாருக்கு, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை ஆட்டக்காரர்களோடு அமர்ந்து நான்கு மாலைகள் பேசி எழுதினோம். ஒரு கோயிலில் மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை, குணமானவர் ஓராண்டு அங்கே பணி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. சென்ற மாதம், அன்று பாறையிலிருந்து குதித்த அதே நண்பர், தம் புதிய கதாபாத்திரத்தோடு முப்பதடிச் சுவரின் மேல் நின்றார். வெகுநேரம் கீழே பார்த்தார். பிறகு கயிறு இருக்கிறதா என்று கேட்டார்.