மனநல நர்ஸ் பிராக்டிஷனர்: எம்.எஸ்.என். போதுமா, டி.என்.பி. வேண்டுமா?

அமெரிக்காவில் மனநோய்க்கு மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆக இரண்டு வழி. நர்சிங் இளங்கலையான பி.எஸ்.என். முடித்தவர் முழுநேரமாகப் படித்தால், முதுகலையான எம்.எஸ்.என்.னுக்கு இரண்டு மூன்று வருடம். முனைவர் நிலையான டி.என்.பி.க்கு மூன்று நான்கு.

ஆனால் இரண்டு வழியில் படித்தவர்களும் எழுதும் சான்றிதழ் தேர்வு ஒன்றுதான். லித்தியம் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிடுகிறவர் கை நடுங்குகிறது என்று வந்து உட்கார்ந்தால், ரத்தத்தில் மருந்தின் அளவு, சிறுநீரகம், தைராய்டு எல்லாவற்றையும் இருவரும் ஒரே மாதிரிதான் பார்க்க வேண்டும். சுவரில் எந்தப் பட்டம் தொங்குகிறது என்று அவர் கேட்கப்போவதில்லை.

டி.என்.பி.யில் கூடுதலாக வருவது பி.எஸ்.என்.னுக்குப் பின் மொத்தம் 1,000 மணி நேரப் பயிற்சி, ஒரு தர மேம்பாட்டுத் திட்டம், அப்புறம் கொஞ்சம் கொள்கை, நிர்வாகம். கல்லூரியில் பாடம் நடத்த ஆசை இருந்தால் சரி. 2015-க்குள் எல்லோரும் டி.என்.பி.க்கு மாறட்டும் என்று நர்சிங் கல்லூரிகள் சங்கம் 2004-லேயே சொன்னது, நடக்கவில்லை. கடன் வாங்கிப் படிப்பவருக்கு என் ஓட்டு எம்.எஸ்.என்.னுக்குத்தான். மீதியைச் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம்.

இரண்டிலும் ஒரே தலைவலி: பல கல்லூரிகளில் பயிற்சி தரும் மூத்தவரை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். சேரும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.