ஆண்டு பைக் ரேலி: பல வருஷம் ஒரே குழுவோடு போனதில் கண்டது

பைக் ஓட்டுகிறவர்கள் ஒரு மைதானத்தில் கூடிக் கூடாரம் போட்டுத் தங்கும் ஒரே ரேலிக்கு, ஏறக்குறைய ஒரே ஆட்களோடு, வருஷா வருஷம் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் தடவை போய் வந்தவர்கள் மேடை, கூட்டம், வரிசை வரிசையாக நிற்கும் பைக்குகள் என்று எழுதுவார்கள். அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் வாய் பிளந்து பார்த்தேன். ஆனால் திரும்பத் திரும்பப் போனால் ஒன்று தெரிந்துவிடும். அந்த வருஷம் ரேலி நன்றாக இருந்ததா என்பது மைதானத்துக்குள் நுழைவதற்கு முன்பே, போகிற வழியிலேயே முடிவாகிவிடுகிறது.

குழுவாக ஓட்டும்போது முன்னால் போகிற லீடுக்கு எல்லாம் நிதானமாகத்தான் தெரியும். அவர் ஒரு லாரியை முந்திவிட்டு அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். அடுத்தவருக்கு எதிரே வண்டி வரும், காத்திருந்து முந்துவார், இடைவெளியைப் பிடிக்கக் கொஞ்சம் முறுக்குவார், அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம். லீடு 80-ல் போனால் கடைசி ஆள் 100-ஐத் தாண்டி விரட்ட வேண்டியிருக்கும். இது தெரியாமல்தான் நிறைய குழுக்கள் புது ஆளைப் பாவம் பார்த்துக் கடைசியில் விடுகின்றன. உண்மையில் அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான இடம். எங்கள் குழுவில் புது ஆள் லீடுக்கு நேர் பின்னால். கடைசியில் வருகிற ஸ்வீப் நன்றாக ஓட்டுகிறவர், பதறாதவர், பஞ்சர் கிட் வைத்திருப்பவர்.

நேர் சாலையில் ஒருவர் இடப்பக்கத் தடம், அவருக்குப் பின்னால் இருப்பவர் வலப்பக்கத் தடம் என்று ஓடுவோம். தன் தடத்தில் முன்னால் போகிறவருக்கு இரண்டு விநாடி, பக்கத்துத் தடத்தில் முன்னால் போகிறவருக்கு ஒரு விநாடி இடைவெளி. வளைவு வந்தால் இதை விட்டுவிட்டு ஒற்றை வரிசை. வளைவில் ஒவ்வொருவருக்கும் முழுத் தடமும் தேவைப்படும், போட்டோவுக்காக அங்கேயும் ஜோடி சேர்ந்து போகிறவர்களோடு நான் சேர்வதில்லை.

வழி தவறுவதற்கு மருந்து இன்டர்காம், அதாவது ஹெல்மெட்டில் மாட்டிப் பேசிக்கொள்ளும் கருவி, என்று ரொம்ப நாள் நம்பியிருந்தோம். பழைய ப்ளூடூத் வகையில் ஒருவரோடு ஒருவர் சங்கிலியாக இணைந்திருப்போம், நடுவில் ஒருத்தர் சிக்னலுக்கு நின்றால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் அறுந்து போவார்கள். மெஷ் வகைக்கு மாறியதும் அந்தத் தொல்லை போனது, யார் விலகினாலும் மற்றவர்கள் தானாக இணைந்துகொள்கிறார்கள். ஆனாலும் திருப்பங்களில் நாங்கள் நம்புவது பழைய முறையைத்தான்: லீடுக்கு அடுத்து வருபவர் (அது புது ஆள் என்றால் அவருக்கு அடுத்தவர்) திருப்பத்தில் ஓரமாக நின்று, ஸ்வீப் கண்ணில் படும்வரை வழி காட்டிவிட்டு, அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். பேட்டரி தீராது, மழையில் நனைந்து கெடாது. (இன்டர்காமில் பாதி நேரம் நடப்பது வெட்டி அரட்டை. அதற்காகவே வாங்கலாம், அது வேறு.)

பெட்ரோல் நிறுத்தம் எப்போதும் சின்ன டேங்க்காரர் கணக்கில்தான். பெரிய டேங்க்காரர் “எனக்கு இன்னும் பாதி இருக்கு” என்று நிரப்பாமல் நின்றால் அப்புறம் வழியில் அவருக்காக எல்லோரும் நிற்க வேண்டிவரும். நின்றால் எல்லோரும் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

உடுப்பில் பல வருஷம் ஓட்டியபின் சொல்ல இரண்டே விஷயம். முதலாவது காதடைப்பான். ஹெல்மெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் உள்ளே காற்றிரைச்சல் 95, 100 டெசிபெலை எட்டிவிடும். 100 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம். நாம் நாள் முழுக்க அதில் உட்கார்ந்திருக்கிறோம். சாயங்காலம் தலை கனத்துப் போவதை உடம்பு வலி என்று நினைத்திருந்தோம், காதடைப்பான் போட ஆரம்பித்ததும் பாதி களைப்பு காணாமல் போனது. இரண்டாவது ஜாக்கெட்டின் முதுகுக் கவசம். பல ஜாக்கெட்டுகளில் அங்கே வெறும் பஞ்சுதான் இருக்கும். முதுகுக் கவசத்துக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 1621-2. அதில் லெவல் 1 என்றால் அடியின் விசை சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை உடம்புக்குக் கடக்கலாம், லெவல் 2-ல் 9 தான். மாற்றும்போது லெவல் 2 ஆகப் பார்த்து மாற்றுங்கள்.

சரி, மைதானம். பெரும்பாலும் புல்தரை, ராத்திரி ஈரத்தில் இளகிவிடும். சைடு ஸ்டாண்டு மெதுவாகப் புதையும்போது யாருக்கும் தெரியாது. முதலில் ஹேண்டில் பார் பக்கத்து வண்டியின் கண்ணாடியைத் தொடும், அப்புறம் கண்ணாடி திரும்பும், அப்புறம் அந்த வரிசையே சாயும். உள்ளங்கை அகலத் தகரமோ கெட்டி பிளாஸ்டிக்கோ ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தால் போதும். டேங்க் பையில் அது இல்லாமல் நான் போவதில்லை.

சகிக்க முடியாத ஒன்று, நடுராத்திரியில் நின்ற இடத்திலேயே லிமிட்டர் (எஞ்சின் சுழற்சி எல்லை மீறாமல் தடுப்பது) தட்டும்வரை முறுக்குவது. நகராத வண்டியில் காற்றே படாது, காற்று பட்டுத்தான் குளிர்கிற ஏர்கூல்டு எஞ்சின் வெந்துபோகும். வண்டியை நேசிக்கிறவர் செய்கிற வேலையா இது?

ரேலி பெரிதானால் நல்லது என்றும் எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோடா மாநிலத்து ஸ்டர்ஜிஸ் ரேலி 1938-ல் ஒரு சின்ன பந்தயமாகத் தொடங்கியது, ஏழாயிரம் பேர் வசிக்கிற அந்த ஊருக்கு இப்போது ஆகஸ்டில் பல லட்சம் பேர் போகிறார்கள். அங்கே தேடிப் போகிற ஆளைப் பார்க்கவே தனித்திட்டம் வேண்டும். நடுத்தர ரேலியில் போன வருஷம் செயின் கிளிப் கடன் கொடுத்தவர் இந்த வருஷமும் அதே மரத்தடியில் கூடாரம் போட்டிருப்பார்.

திரும்பும் நாளுக்கு எங்களிடம் ஒரே விதி: முந்தின ராத்திரி குடித்தவர் மதியம்வரை கிளம்பக் கூடாது. சண்டையெல்லாம் வந்தது, விதி மாறவில்லை. அடுத்த தடவை ஆட்கள் கூடுவதால் குழுவை இரண்டாகப் பிரிக்கிறோம், தனி லீடு, தனி ஸ்வீப், அரை மணி இடைவெளியில் கிளம்பி மதிய நிறுத்தத்தில் சேர்வதாக ஏற்பாடு. யார் எந்தக் குழுவில் என்ற பஞ்சாயத்து மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.