மட்கோ பக்கத்து அரிசிக்கடை எப்பிடி எண்டு கேட்டவைக்கு

கனபேர் கேட்டபடியா எழுதுறன். திருகோணமலை மட்கோ சந்தியில இருந்து உள்ளுக்குப் போற ஒழுங்கையில, ஒழுங்கான போர்டு கூட இல்லாத கடை, தகரக் கதவில பெயிண்டால அரிசி மா தவிடு எண்டு எழுதிவிட்டிருக்கு. புருசனும் பெண்சாதியும் தான் நடத்தினம். தம்பலகாமத்தில சொந்த வயல், அங்கினேக்கயே சின்ன மில் ஒண்டில குத்திக் கொண்டந்து விக்கினம்.

நான் வாங்கினது சிவப்பு நாடு அரிசியும், பச்சைப்பெருமாள் எண்ட பழைய இன அரிசியும். நாடு அரிசி வடிவா இருக்கு, பளபளக்கத் தீட்டி எடுக்கேல்லை, மேல தவிடு அப்பிடியே கிடக்கு, கையை விட்டு அளைஞ்சா விரல் முழுக்க மா ஒட்டும். சுளகில போட்டுப் புடைச்சன், கல்லு ஒண்டு ரெண்டு தான், குறுணலும் குறைவு. தண்ணி மட்டும் கவனம், பைக்கெற் அரிசிக்கு விடுற அளவு விட்டா நடுவில வேகாம நிக்கும், ஊறவைச்சுப் போட்டு கொஞ்சம் கூட விட்டு அவியுங்கோ. பழஞ்சோத்துக்கு இதுக்கு மிஞ்சின அரிசி இந்தப் பக்கம் நான் சாப்பிடேல்லை. பச்சைப்பெருமாள் மாவில புட்டு அவிச்சா வீடு முழுக்க மணக்கும். சீனக்குடாவில பிரீமா கோதுமை மா ஆலையை வைச்சுக்கொண்டு பாணும் கொத்துரொட்டியுமா வளர்ந்த ஊர் இது, இலங்கையில கோதுமை ஒரு கதிர் விளையிறேல்லை, 2022ல டொலர் இல்லாமப் போய் மா விலை எகிறின உடன தான் பாதிப்பேருக்கு அரிசிமாப் புட்டு ஞாபகம் வந்தது. சரி அது வேற கதை.

விலை. நான் வாங்கேக்க நாடு அரிசி கிலோ 230 ரூபா, 2024 டிசம்பரில அரசாங்கம் போட்ட கட்டுப்பாட்டு விலை தான். பச்சைப்பெருமாள் அதை விடக் கூட. ஆனா பெரிய கடையில அதே 230க்கு மாசக்கணக்கா மூட்டையில கிடந்த அரிசி, இங்க போன கிழமை குத்தினது, எப்பிடிக் கட்டுது எண்டு கடைக்கார அண்ணையிட்ட கேட்டன். மனுசன் கணக்கையே விரிச்சுப்போட்டார். ஒரு கிலோ நெல்லுக் குத்தினா 650 கிராம் மட்டில தான் அரிசி, 2025 பெப்ரவரியில நாடு அரிசி நெல்லுக்கு அரசாங்கம் வாங்கிற உத்தரவாத விலை கிலோ 120 எண்டு அறிவிச்சவை, அந்தக் கணக்கில ஒரு கிலோ அரிசிக்கு நெல்லே 185 ரூபா கிட்ட முடியும், மிச்சத்துக்குள்ள அவிக்கிற செலவு, கரண்ட், லொறி எல்லாம். "தம்பி, அந்த 120 ஆருக்கு? 14 வீத ஈரத்தில காயவைச்சுக் கொண்டுபோறவனுக்கு. வயலுக்குள்ள நிக்கிற நெல்லுக்கு இல்லை" எண்டார்.

அது தான் விசயமே. வெட்டு மெஷின் இறங்கினா நெல்லு 20 வீதத்துக்கு மேல ஈரத்தோட வரும், பெரும்போக அறுவடை நேரம் மழையும் நிக்காது, களம் இல்லாத ஆக்கள் தாரோட்டில படங்கு விரிச்சுக் காயவைக்கினம், கந்தளாய் ரோட்டில போற எல்லாருக்கும் தெரியும். அதுக்கும் வழியில்லாதவன் வயல்கரைக்கு வாற லொறிக்காரன் சொல்லுற விலைக்குக் குடுத்துப்போட்டுப் போறான். இந்தக் கடைக்காரர் தப்பினது அப்பர் காலத்தில போட்ட சீமெந்துக் களமும் ஒரு சின்னக் களஞ்சியமும் இருக்கிறபடியால. நெல்லு எடுக்கிற இடத்திலயும் அரிசி விக்கிற இடத்திலயும் அரசாங்கத்தில விலை எழுதுறாங்கள், நடுவில காயவைக்கிறதையும் களஞ்சியத்தையும் ஆர் பாக்கிறது? உரத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 குடுக்கிறது நல்லது தான், அதோட ஊருக்கொரு களம் கட்டிக் குடுத்தா இப்பிடிக் கடை திருகோணமலையில பத்து வரும் எண்டு நான் நினைக்கிறன்.

பச்சைப்பெருமாள் போட்ட கதையும் கேக்கோணும். 2021ல ஒரே அடியா ரசாயன உரத்துக்குத் தடை போட்டு, அதே வருசம் நவம்பரில திருப்பி எடுத்தாங்களே, அந்தப் பெரும்போகம் ஏடி 362 எண்ட புது நெல்லினம் போட்ட வயலெல்லாம் மஞ்சளடிச்சு விளைச்சல் விழுந்துபோச்சு. பழைய இனம் உரம் இல்லாமலும் ஓரளவு தாங்கும் எண்டு ஒரு துண்டு வயலில விதைச்சவை, அதை இப்பவும் விடேல்லை. முழுக்க அதுக்கு மாறலாமே எண்டு கேட்டதுக்கு அக்கா சிரிச்சா. ஏக்கருக்கு வாற மூட்டை நல்லாக் குறைவாம், பிள்ளையளின்ர டியூசன் காசுக்கு ஏடி தானாம். கொழும்பில ஏசி ரூமில இருந்து நாட்டையே ஒரு போகத்தில இயற்கைக்கு மாத்த வெளிக்கிட்ட ஆக்கள் இந்த அக்காவிட்ட ஒரு மணித்தியாலம் கதைச்சிருக்கலாம்.

குறையும் இருக்கு. மருந்தடிக்காத அரிசி, ஒரு மாசம் தாண்டினா வண்டு வரும், அஞ்சு கிலோவுக்கு மேல வாங்காதீங்கோ. சும்மா பொலித்தீன் பையில தான் கட்டித் தருவினம், வீட்ட வர முதல் கிழியும், உரப்பை ஒண்டு கொண்டுபோங்கோ. விதைப்பு வெட்டு நாளில கடை பூட்டு, முன்கூட்டிச் சொல்லவும் மாட்டினம். பில் இல்லை, கார்ட் இல்லை, ஆனா தராசு நேர், வீட்ட வந்து நிறுத்துப் பாத்தன்.

5க்கு 4 குடுப்பன். சனி காலமை போனா புதுசாக் குத்தினது கிடைக்கும், கீரி சம்பா கேட்டுப் போகாதீங்கோ, அது அவையளிட்ட இல்லை.