ரிமோட் மோடம் என்று விற்கிறார்கள், சாவி அவர்களிடமே இருக்கிறது

தொழிற்சாலைக்கு வெளியே மோட்டார், தொட்டி என்று ஏதாவது வைத்திருந்து, அதை ஆபீஸில் உட்கார்ந்தே பார்க்க மோடம் போடலாம் என்று யோசிப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை. தண்ணீரில் ஒரு பகுதி, தள்ளியிருக்கும் தோட்டத்துக் கிணற்றில் இருந்து வருகிறது. அங்கே பம்ப் ஹவுஸில் ஒரு சின்ன பிஎல்சி, அதாவது மோட்டாரை இயக்கும் குட்டிக் கணினி. மோட்டார் ஓடுகிறதா, தொட்டி நிறைந்ததா என்று பார்க்க ராத்திரியில் ஆளை வண்டியில் அனுப்ப வேண்டாம் என்பதற்காகத்தான் மோடம். கோவை ஆட்டோமேஷன்காரர் ஒருவர் கொட்டேஷன் கொடுத்தார். இண்டஸ்ட்ரியல் 4ஜி மோடம், ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) உள்ள சிம், விபிஎன் (வெளியாள் நுழைய முடியாத தனி இணைப்பு), இன்ஸ்டலேஷன் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அவர் பெயரைப் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்றார்.

டெமோ அருமையாக இருந்தது. தன் செல்போனிலேயே மோட்டாரை ஆன், ஆஃப் செய்து காட்டினார். முதலாளி அசந்துபோனார். முன்பணம் போக மீதியில் பாதியை அன்றைக்கே கொடுத்தாயிற்று.

அப்புறம் சாயங்காலம் ஆனால் லைன் போய்விடும். கேட்டால், "உங்க பிஎல்சி ரொம்பப் பழசு சார், அதான் ஹேங் ஆகுது, மாத்திடுங்க" என்று இன்னொரு கொட்டேஷன். சந்தேகம் வந்து எங்கள் எலக்ட்ரீஷியன் பேனலைத் திறந்தார். ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள்ளேயே, கதவின் பின்பக்கம் டபுள் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். இரும்புப் பெட்டியை மூடினால் சிக்னல் எப்படி வரும்? ஏடி+சிஎஸ்க்யூ என்ற கட்டளை கொடுத்தால் மோடம் சிக்னல் எவ்வளவு என்று 0 முதல் 31 வரை ஒரு எண்ணைச் சொல்லும், எண் கூடினால் சிக்னல் நல்லது. கதவு மூடியிருக்கும்போது 7, அதாவது -99 டிபிஎம் (சிக்னலை அளக்கும் அலகு). அதே ஆன்டெனாவை ஒயர் நீட்டி வெளியே கூரை மேல் வைத்ததும் 19, அதாவது -75. பிஎல்சி ஒன்றும் பழசாகவில்லை.  

சரி, இதெல்லாம் வேலைச் சோம்பல் என்று விட்டுவிடலாம். ஏமாற்று வேலை அடுத்தது. இயந்திரங்களுக்கென்று கொடுக்கும் எம்2எம் சிம்முக்கு இந்தியாவில் 13 இலக்க எண் இருக்கும். உள்ளே இருந்தது சாதாரண பத்து இலக்க ப்ரீபெய்ட் சிம், அதுவும் அவர் பெயரில். மோடத்துக்குக் கிடைத்திருந்த ஐபி 10 என்று தொடங்கியது. அது சிம் கொடுத்த செல்போன் நிறுவனத்தின் உள்வலை முகவரி, வெளியில் இருந்து அதைத் தொடவே முடியாது. ஸ்டாட்டிக் ஐபிக்குக் காசு வாங்கிவிட்டு அதைக் கொடுக்கவே இல்லை. அப்படியானால் டெமோ எப்படி ஓடியது? மோடம் கம்பெனியின் க்ளவுடில், அதாவது அவர்களுடைய இணைய சர்வரில், தன் அக்கவுண்டில் எங்கள் மோடத்தைச் சேர்த்திருந்தார். எங்கள் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் அவர் அனுமதி வேண்டும் என்று ஆகிவிட்டது. மோடத்தின் பாஸ்வேர்டைக் கேட்டால், "செக்யூரிட்டிக்காகக் கொடுக்க மாட்டோம்" என்றார். ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றதும் அடுத்த வாரம் திரை வெள்ளையாகிவிட்டது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் மரூச்சி ஷையர் கதை இருக்கிறது. 2000ஆம் ஆண்டு அங்கே கழிவுநீர் பம்புகளை ரேடியோ வழியாக இஷ்டத்துக்கு இயக்கி, சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவைப் பூங்காக்களிலும் ஆற்றிலும் திறந்துவிட்டவர் வெளியாள் இல்லை. அந்த அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர்.

சண்டை போட்டதும் மனிதர் நேரில் வந்து நிஜமாகவே பப்ளிக் ஐபி (வெளியில் இருந்து தொடக்கூடிய முகவரி) உள்ள சிம்மைப் போட்டார். போட்டுவிட்டு, பிஎல்சியோடு பேசும் மொழியான மோட்பஸின் 502ஆம் போர்ட்டை (நுழைவாசலை) இணையத்துக்கு அப்படியே திறந்து வைத்துவிட்டுப் போனார். விபிஎன்னைக் காணோம். மோட்பஸ் 1979இல் பிறந்தது, பாஸ்வேர்ட் என்ற ஏற்பாடே அதில் கிடையாது. ஐபி தெரிந்த எவரும் மோட்டாரைப் போடலாம். ஐபியைக் கண்டுபிடிப்பதும் பெரிய வேலை இல்லை, இப்படித் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடித் தருவதற்கென்றே ஷோடான் என்ற தளம் இருக்கிறது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிகிப்பா ஊர்க் குடிநீர் வாரியத்தின் பம்ப் நிலையத்தில் பிஎல்சிக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். இணையத்தில் திறந்து கிடந்த அந்த வகைக் கருவிகளுக்குக் கம்பெனி போட்டு அனுப்பியிருந்த பாஸ்வேர்ட் 1111.

அன்று மாலையே சிம்மைக் கழற்றிவிட்டோம். இப்போது எங்கள் கம்பெனி பெயரில் எம்2எம் சிம், எங்களிடம் பாஸ்வேர்ட், விபிஎன் வழியாக மட்டும் நுழைவு. மோடமே ஆபீஸ் சர்வரைத் தேடி வந்து இணைவதால் ஸ்டாட்டிக் ஐபி மோடத்துக்குத் தேவையே படவில்லை! செய்து கொடுத்தவர் ஈரோட்டில் படிப்பு முடித்த ஒரு பையன், ஒரு பிற்பகல் வேலை.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோடத்தின் ஐஎம்இஐ எண்ணை (கருவியின் அடையாள எண்), கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து இடைவெளி விட்டு, 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்தக் கம்பெனியின் எந்த மாடல் என்று பதில் வரும். எங்களுக்கு வந்த பதிலில் ஏதோ ஒரு செல்போன் மாடல் இருந்தது. பெட்டிக்கு மேல் மட்டும் இண்டஸ்ட்ரியல் கிரேடு என்று ஸ்டிக்கர்.

பணம் திரும்ப வரவில்லை. வியாபாரத்துக்காக வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கஷ்டம், சிவில் வழக்குதான் என்றார் வக்கீல். அவர் சொன்ன ஃபீஸைக் கேட்டதும், பாக்கி பில்லைக் கொடுக்காமல் நிறுத்துவதோடு முதலாளி விட்டுவிட்டார். அதற்கும் இப்போது அந்த ஆளிடம் இருந்து வாரம் தவறாமல் போன் வருகிறது.