செயலியும் மடக்கு லென்ஸும்: வட கரோலினாவில் மரம் பார்த்த அனுபவம்

ராலே, டர்ஹம் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் காடு தூரமில்லை. அம்ஸ்டெட் பூங்காவிலும் ஈனோ ஆற்றங்கரையிலும் சில ஆண்டுகளாக மரம் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். கூடவே இருப்பவை இரண்டு: படம் எடுத்தால் மரத்தின் பெயர் சொல்லும் ஒரு செயலி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு மடக்கு லென்ஸ். அமெரிக்கத் தென்கிழக்கின் மரங்களைப் புதிதாகப் பழக நினைப்பவர்களுக்கு உதவும் என்று இரண்டையும் பற்றி எழுதுகிறேன்.

இலையிலேயே அடையாளம் இருக்கும் மரம் என்றால் செயலி போதும். ஸ்வீட்கம்முக்கு ஐந்து முனை நட்சத்திர இலை. சாசஃப்ராஸில் ஒரே கிளையில் மூன்று வடிவ இலைகள். டூலிப் மரத்தின் இலைக்கு நுனி வெட்டுப்பட்டிருக்கும். இந்த டூலிப் மரத்தை இங்கே பாப்லர் என்பார்கள். உண்மையில் அது நம் செண்பகத்தின் குடும்பம். அது தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

ஓக் என்று வந்துவிட்டால் கதை வேறு. ஒரே மரத்தில் வெயில் படும் உச்சி இலை ஒரு மாதிரி, நிழலில் இருக்கும் கீழ் இலை இன்னொரு மாதிரி. போதாததற்கு ஓக் இனங்கள் தங்களுக்குள் கலந்தும் விடும். ஒரே மரத்தின் இரண்டு படங்களுக்குச் செயலி இரண்டு பெயர் சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் அது ஓக் என்று சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த ஓக் என்பதை லென்ஸில் தேடுவதே என் வழக்கம். இலை விளிம்பிலிருந்து விரல் போல நீளும் மடலின் முனையில் மெல்லிய முள் மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் அது சிவப்பு ஓக் கூட்டம். மடல்கள் உருண்டு, மயிர் இல்லாமல் இருந்தால் வெள்ளை ஓக் கூட்டம். காயிலும் வித்தியாசம் உண்டு: வெள்ளை ஓக் காய் அந்த ஆண்டே முற்றிவிடும், சிவப்பு ஓக் காய்க்கு இரண்டு ஆண்டு வேண்டும். தெருவோரங்களில் நிற்கும் வில்லோ ஓக்கின் இலை ஒல்லியாக, மடலே இல்லாமல் இருக்கும். ஆனாலும் நுனியில் அந்த ஒற்றை மயிரைப் பார்த்துவிட்டால் அது எந்தக் கூட்டம் என்பதில் சந்தேகம் இருக்காது.

பைன் மரங்களில் ஊசியிலை எட்டாத உயரத்தில் இருக்கும், கீழே உதிர்ந்து கிடப்பது எந்த மரத்துடையது என்றும் தெரியாது. அப்போது பட்டையைப் பாருங்கள். ஷார்ட்லீஃப் பைனின் பட்டைத் தகடுகளில் பொடிப்பொடியாகப் பிசின் குழிகள் இருக்கும். பக்கத்தில் நிற்கும் லோப்லாலி பைனில் அவை இருக்காது. ஹிக்கரியிலும் லென்ஸ் கைகொடுக்கும்: மாக்கர்நட் ஹிக்கரியின் இலைக்காம்பில் அடர்ந்த மயிர், பிக்நட்டில் பெரும்பாலும் வழவழப்பு.

செயலியைத் திறக்கும் முன்பே ஒன்றைக் கவனித்துவிட வேண்டும். இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா? எதிரெதிர் என்றால் பெரும்பாலும் மேப்பிள், ஆஷ், டாக்வுட் இவற்றில் ஒன்று. குளிர்காலத்தில் மொட்டுகளைப் பார்த்தும் இதைச் சொல்லிவிடலாம். இலையற்ற மாதங்களில் செயலி ரொம்பவே தடுமாறும். பழுத்த இலையை உதிர்க்காமல் நிற்கும் பீச் மரமும், முறுக்கேறிய புஜம் போன்ற தண்டுள்ள ஹார்ன்பீமும் அப்போது தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

ஒரு எச்சரிக்கை. தண்டில் கொடி படர்ந்திருந்தால் செயலி பல சமயம் கொடியின் பெயரைத்தான் சொல்லும். ரோமம் அடர்ந்த கயிறு மாதிரி ஏறும் கொடி பாய்சன் ஐவி. இலை இல்லாத காலத்திலும் அதைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும்.

இந்த அக்கறையெல்லாம் எதற்கு என்றால், இங்கே வந்தேறி மரங்களை வெட்டும் தன்னார்வலர்கள் நிறைய இருக்கிறார்கள். சீனாவிலிருந்து வந்த ட்ரீ ஆஃப் ஹெவன் கன்றும் இந்த மண்ணின் கறுப்பு வால்நட் கன்றும் பார்வைக்கு ஒன்று போலத் தெரியும். முன்னதன் சிற்றிலை அடியில் சுரப்பியுள்ள ஒன்றிரண்டு பற்கள் இருக்கும், கசக்கினால் துர்நாற்றம் வரும். வால்நட் சிற்றிலையின் விளிம்பு முழுக்கப் பற்கள். குச்சியை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே அறை அறையாகச் சோறு, அதாவது குச்சியின் நடுவிலுள்ள மென்மையான பகுதி, தெரியும். இதைப் பார்க்காமல் செயலியை மட்டும் நம்பி அரிவாளை எடுக்காதீர்கள். ஆஷ் மரங்களை 2013இல் இங்கே கண்டறியப்பட்ட மரகத வண்டு ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் சொந்த மரங்களை நாமும் சேர்ந்து குறைக்கக் கூடாது.

லென்ஸ் வாங்குவதென்றால் பத்து மடங்கே போதும். இருபது மடங்கில் பார்வைப் பரப்பும் வெளிச்சமும் குறைந்துவிடும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இலையை அதன் அருகே கொண்டுவாருங்கள். மாநிலப் பூங்காக்களில் எதையும் பறிக்க அனுமதியில்லை, அதனால் எட்டுகிற கிளையை அப்படியே பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். தொடங்க நல்ல மாதம் அக்டோபர்: இலை, காய், மொட்டு மூன்றையும் ஒரே மரத்தில் பார்த்துவிடலாம்.