ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு ரேக்கை மாற்றச் சொன்னார்களா? முதலில் இதைப் படியுங்கள்

போன மாதம் திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 16,500 ரூபாய் கொடுத்தேன். ஸ்டீயரிங் ரேக்கை, அதாவது ஸ்டீயரிங் திருப்புவதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகத்தை, மாற்றியதாகச் சொன்னார்கள். மாற்றவே இல்லை. பணம் போனதுகூட ஒருநாள் ஆறிவிடும். அவர்கள் செய்துவைத்த வேலையை நம்பி அம்மாவையும் பையனையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போய் வந்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

கார் 2012 மாடல், 94,000 கிலோமீட்டர் ஓடியது. மதுரை ரோட்டில் விராலிமலை தாண்டி 80-இல் போகும்போது வண்டி நேராக நிற்காமல் அலைந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவு திருப்பினாலும் சக்கரம் கேட்கவில்லை. வேகத்தடை ஏறி இறங்கினால் இடது பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம்.

ஒர்க்‌ஷாப்காரர் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு தடவை ஆட்டினார். "ரேக் போயிடுச்சு சார், அசெம்பிளியோட மாத்தணும்" என்றார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

மறுநாள் மதியம் போய்ப் பார்த்தேன். இடது சக்கரம் கழற்றியிருந்தது, ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் கிடந்த ஒரு ரேக்கைக் காட்டி, "இதுதான் உங்க பழசு" என்றார்கள். நம்பிவிட்டேன். சாயங்காலம் கார் கிடைத்தது, ஒரு துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "பில் போட்டா வரி சேரும் சார்" என்று பதில்.

ஸ்டீயரிங் ஆட்டம் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் கனமாகிவிட்டது. போன் செய்தேன். "புது பார்ட், செட் ஆக ஒரு வாரம் ஆகும்" என்றார்கள். சரி என்று அந்த வாரமே கொல்லிமலை கிளம்பினோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை, ஒவ்வொரு முறையும் நான்தான் இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. அதற்கு நடுவில் அதே பழைய 'டொக்'. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, கைப்பிடியைப் பிடித்தபடியே வந்தார்.

திரும்பி வந்ததும் நண்பர் சொன்ன ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த வயதான மெக்கானிக் முதலில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். இடது சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார், ஆடியது. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார், ஆடவில்லை. "லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், வீல் பேரிங் ரெண்டும் நல்லா இருக்கு தம்பி. டை ராட் எண்ட்தான்" என்றார். டை ராடின் சக்கரப் பக்க முனையில் இருக்கும் ஜாயின்ட் அது. பிறகு காரைக் கீழே இறக்கி, என்னை உள்ளே உட்கார வைத்து ஸ்டீயரிங்கை லேசாக ஆட்டச் சொன்னார். அவர் கீழே ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கை வைத்துப் பார்த்தார். மொத்தம் பத்து நிமிடம்.

அப்புறம் என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டினார். ரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பல வருட மண்ணும் துருவும் அப்படியே இருந்தன, ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. ரேக் மேல் கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட். பக்கத்து ஹோஸிலும் அது தெறித்திருந்தது. ரேக்கின் இறுக்கத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். ஸ்டீயரிங் கனமானதும் நேருக்குத் திரும்பாததும் அதனால்தான். இடது டை ராட் எண்டின் ரப்பர் கிழிந்து, மண் புகுந்து, பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தது. எனக்குக் காட்டுவதற்காகக் கழற்றிய அதே பழசை அப்படியே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். நட் கழலாமல் இருக்கப் போடும் ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. நட்டும் பாதி கழன்றிருந்தது. அது முழுசாகக் கழன்று டை ராட் விழுந்தால் அந்தப் பக்கச் சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. அப்படித்தான் 70 வளைவுகளையும் இறங்கியிருக்கிறோம்.

இரண்டு பக்கமும் டை ராட் எண்ட் 1,500, கூலி 600. மாற்றியபின் டோ (முன் சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு) மாறும் என்பதால் வீல் அலைன்மென்ட்டும் செய்தோம். இப்போது கார் கோடு போட்ட மாதிரி போகிறது.

ஸ்டீயரிங் ஆடினால் ரேக்கும் காரணமாகலாம், டை ராட் ரேக்கோடு சேரும் இடத்தில் உள்ள ரேக் எண்டும் காரணமாகலாம், ஸ்டீயரிங்கிலிருந்து ரேக்குக்கு இறங்கும் ராடின் க்ராஸ் ஜாயின்ட்டும் காரணமாகலாம். ஆனால் தூக்கிப் பார்க்காமல், ஆட்டிப் பார்க்காமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கண்முன்னால் அதைச் செய்யச் சொல்லுங்கள். பழைய பார்ட்டைக் கையோடு வாங்கி வாருங்கள். கழற்றும் முன் ரேக்கையும் அதன் போல்ட்டுகளையும் போனில் படம் எடுத்து வையுங்கள், மாற்றியபின் ஒப்பிடலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 98-ஆம் விதி, ஸ்டீயரிங் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது, ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடியும் இருக்க வேண்டும் என்கிறது. 30 டிகிரி ரொம்ப அதிகம். அதுவரை காத்திருக்காதீர்கள்.

பணம் ஜிபேயில் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பில் இல்லாவிட்டாலும் அந்தப் பதிவு இருக்கிறது, மெக்கானிக் எடுத்துக்கொடுத்த படங்களும் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பணம் திரும்பவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான தொகைக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். அந்தக் கட்டுக்கம்பியை ஒரு கவரில் போட்டு பத்திரமாக வைத்திருக்கிறேன்.